செந்நதியும் அதன் கரைகளும்

ஹனாய் என்னும் பெயருக்கு ‘ஆற்றுக்கு உட்புறம்’ என்பது பொருள். நுயென் மரபைச் சார்ந்த பேரரசர் மின் மாங் 1831-இல் ஒரு மாகாணத்துக்கு இட்ட பெயர் அது. வெறும் இடக்குறிப்பாகத் தோன்றும் இப்பெயரில் வட வியட்நாமின் வரலாறு முழுவதும் சுருங்கக் கிடக்கின்றது எனலாம். ஆற்றுக்கு உட்புறம் என்று ஓரிடம் உண்டெனின், வெளிப்புறம் என்றும் ஓரிடம் இருத்தல் வேண்டும். உள்ளே காக்கப்பட்டோர் யார்? வெளியே விடப்பட்டோர் யார்? இவ்விரண்டையும் பிரிக்கும் கரையை எழுப்பியோர் யார்? அக்கரையை உடைக்கலாம் என்று எண்ணியோர் யார்? செந்நதி எனப்படும் சோங் ஹோங் ஆற்றின் நிலத்தையும் வரலாற்றையும் இவ்வினாக்களை முன்வைத்து இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. ஆற்றின் போக்கு

செந்நதி சீன நாட்டின் யுன்னான் மாகாணத்து மலைகளில், தாலி என்னும் பழம்பதிக்குத் தெற்கே தோன்றுகின்றது. அங்கே அதற்கு யுவான் ஆறு என்று பெயர். ஏறத்தாழ 1150 கி.மீ. நீளமுள்ள இவ்வாறு, லாவோ காய் என்னும் எல்லைப் பகுதியில் வியட்நாமுக்குள் நுழைந்து, தென்கிழக்காக நேர்கோடு போலவே ஓடுகின்றது. வியட்நாம் மண்ணில் அதன் நீளம் 500 கி.மீ.க்குச் சற்று மிகும். வியட் ட்ரி நகரின் அருகே இரு பெருந்துணையாறுகள் இதனோடு கலக்கின்றன. மேற்கிலிருந்து வருவது டா ஆறு. இதனைக் கறுப்பாறு என்று பிரெஞ்சுக்காரர் வழங்கினர். வடக்கிலிருந்து வருவது லோ ஆறு. இது தெளிந்த ஆறு எனப்பட்டது. இம்மூன்றும் ஒன்றாகிய பின்னரே வடிநிலம் விரிகின்றது. அங்கிருந்து ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, அயலிலுள்ள தாய் பின் ஆற்றுத் தொகுதியோடும் இணைந்து, டொங்கின் வளைகுடாவில் கலக்கின்றது. சுமார் 15,000 சதுர கி.மீ. பரப்புடைய இவ்வடிநிலமே வியட்நாமிய மக்களின் தொட்டில்.

ஆற்றுக்குச் செந்நிறம் தந்தது மலைமண்ணிலுள்ள இரும்புத் துருவாகும். பெரிய அணைகள் எழுவதற்கு முன்னர் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் வண்டலை இவ்வாறு கடலை நோக்கிச் சுமந்து சென்றது. இந்த வண்டல்தான் வளம். இந்த வண்டல்தான் ஆபத்தும். ஆண்டு முழுவதும் பெருகும் நீரில் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபர் வரையுள்ள பருவமழைக் காலத்தில் வந்துவிடுகின்றது. மூன்று ஆறுகளின் வெள்ளமும் ஒரே வேளையில் வியட் ட்ரியை அடையுமாயின், சில நாட்களுக்குள் நீர்மட்டம் பல மீட்டர் உயரும். கோடையில் அடங்கிக் கிடக்கும் ஆறு ஆகஸ்டில் முற்றிலும் வேறோர் ஆறாகிவிடுகின்றது.

2. பழங்கதையும் தொன்மையும்

இவ்வெள்ளத்தை அம்மக்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதற்கு ஒரு பழங்கதை சான்று. ஹுங் அரசரின் மகள் மி நுவோங்கை மணக்க இருவர் வந்தனர். ஒருவன் மலைத்தேவன் சோன் தின்; மற்றவன் நீர்த்தேவன் தூய் தின். வரிசைப் பொருள்களுடன் முதலில் வந்தவன் மலைத்தேவனாதலின் இளவரசி அவனுக்கு உரியவளானாள். சினங்கொண்ட நீர்த்தேவன் வெள்ளத்தை ஏவினான். நீர் உயர உயர மலைத்தேவன் மலையையும் உயர்த்தினான். நீர்த்தேவன் தோற்றான், எனினும் ஆண்டுதோறும் அப்பகையைத் தீர்க்க மீண்டும் வருகின்றான். ஹனாய்க்கு மேற்கேயுள்ள பா வி மலை இக்கதையோடு இணைத்துப் பேசப்படுகின்றது. நீரோடு செய்யும் போர் ஒருமுறை வென்று முடிப்பதன்று, ஒவ்வோராண்டும் தொடர்வது என்னும் அனுபவ அறிவு இக்கதையில் பொதிந்துள்ளது.

கி.மு. முதலாயிரத்தாண்டில் இங்கு டோங் சோன் எனப்படும் வெண்கல நாகரிகம் செழித்தது. அதன் பெருமைக்குரிய வெண்கல முரசுகளில் படகுகளும் நீர்ப்பறவைகளும் செதுக்கப்பட்டிருப்பது, ஆற்றோடு இயைந்த வாழ்க்கையைக் காட்டுகின்றது. பின்னர் இப்பகுதி சீனப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டது. கி.பி. 40-இல் ட்ருங் சகோதரியர் இருவர் ஹான் ஆட்சியை எதிர்த்து எழுந்தனர். 43-இல் சீனப் படைத்தலைவன் மா யுவான் அவ்வெழுச்சியை ஒடுக்கினான். சகோதரியர் ஹாட் ஆற்றில் பாய்ந்து உயிர் துறந்தனர் என்பது வியட்நாமிய மரபு.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீடித்த அயலாட்சி முடிவுற்றதும் ஓர் ஆற்றில்தான். கி.பி. 938-இல் ஙோ குயென் என்பவர், கடலோரத்துப் பாக் டாங் ஆற்றின் அடியில் இரும்பு முனை பொருத்திய மரக்கழிகளை நடுவித்தார். பெருக்குநீரில் தென் ஹான் கப்பல்கள் உள்ளே வந்தன. வற்றுநீரில் திரும்பியபோது கழிகளில் சிக்கின. 1288-இல் மங்கோலியரின் கப்பற்படையை ட்ரான் ஹுங் டாவோ அதே ஆற்றில் அதே முறையால் முறியடித்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சேற்று வயல்களிலிருந்து அக்காலக் கழிகள் பல அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஆற்றின் ஏற்றவற்றத்தை அறிந்தவனுக்கு ஆறே அரணாயிற்று.

3. கரை எழுந்த வரலாறு

1010-இல் லீ தாய் தோ என்னும் அரசர், குன்றுகள் சூழ்ந்த ஹோவா லூ என்னும் இடத்தை விட்டு, செந்நதிக் கரையிலுள்ள சமவெளிக்குத் தலைநகரை மாற்றினார். தாங் லாங், அதாவது எழும் நாகம், என்று அதற்குப் பெயரிட்டார். இன்றைய ஹனாய் அதுவே. மலையரணை விட்டுச் சமவெளிக்கு வந்த அரசு, பகைவரைவிட முதலில் நீரைத் தடுக்க வேண்டியதாயிற்று. 1108-இல் தலைநகருக்கு அருகே கோ சா என்னுமிடத்தில் கரை கட்டப்பட்டதை நாட்டு வரலாற்றேடு குறிப்பிடுகின்றது.

பெரும் மாற்றம் 1248-இல் நிகழ்ந்தது. ட்ரான் மரபின் முதல் அரசர் தாய் தோங், ஆற்றின் மேற்பகுதியிலிருந்து கடல் வரை தொடர்ச்சியான கரை எழுப்ப ஆணையிட்டார். கரைகளைக் கண்காணிக்கவென்றே தனி அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர். அவ்வாணையின் ஒரு கூறு நம் கருத்துக்குரியது. கரை எழுப்புவதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வயல்களை அளந்து, உரியவர்களுக்கு விலை கொடுக்கப்பட்டது. எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, பொதுநன்மைக்காக நிலமிழந்தவனுக்கு ஈடு தரப்பட வேண்டும் என்னும் உணர்வு அவ்வரசில் இருந்தது.

மண்வெட்டியும் கூடையும் தோள்கம்பும் கொண்டே இக்கரைகள் எழுந்தன. வெள்ளக் காலத்தில் ஊரார் அனைவரும் கரைக்குச் செல்வது கடமையாயிற்று. பறையொலி கேட்டவுடன் மூங்கிலும் வைக்கோலும் மண்ணும் சுமந்து ஓடுவர். ஊர்களைப் பிணைத்ததும், அவற்றை அரசுக்கு உட்படுத்தியதும் இக்கரைகளே. கரையைக் காப்பவன் அரசன். கரை உடையுமாயின் அரசனுடைய தகுதியும் ஐயத்துக்குள்ளாகும் என்று மக்கள் கருதினர்.

ஆனால் கரைக்கு ஒரு விலையுண்டு. கரையில்லாத காலத்தில் வெள்ளம் வயல்களின்மேல் பரவி வண்டலை இட்டுச் சென்றது. கரைகளுக்கிடையே அடைபட்டபின் வண்டல் ஆற்றின் படுகையிலும் அடியிலும் படிந்தது. ஆறு உயர்ந்தது, அதற்கேற்பக் கரையும் உயர்த்தப்பட்டது. வயல்களோ தாழ்ந்தே நின்றன. இறுதியில் வெள்ளக் காலத்து நீர்மட்டம் ஊர்களின் கூரைக்கு மேலாகச் சென்றது. ஒரு தலைமுறை தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த முயற்சி, அடுத்த தலைமுறையின் ஆபத்தைப் பெருக்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுயென் அரசர்கள் இச்சிக்கலை நன்குணர்ந்திருந்தனர். கரைகளை வைத்துக்கொள்வதா, அகற்றிவிடுவதா என்று அரசவையில் விவாதம் நடந்தது. அகற்றினால் பல்லாண்டுகளாகக் கரையை நம்பி எழுந்த ஊர்கள் அழியும். வைத்துக்கொண்டால் உடைப்பு நேரும்போது பேரழிவு உண்டாகும். முடிவு காணப்படவில்லை. தூ டுக் அரசர் காலத்தில் ஹுங் யென் பகுதியிலுள்ள வான் ஜியாங் கரை பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து உடைந்ததென்றும், அப்பகுதி மக்கள் இரந்துண்ண நேர்ந்ததென்றும் நினைவு வழங்குகின்றது.

4. ஆற்றுவழி வந்த திருச்சபை

பதினேழாம் நூற்றாண்டில் செந்நதி வாணிக வழியாகவும் விளங்கியது. ஃபோ ஹியென் என்னும் துறையில் சீனரும் ஜப்பானியரும் பண்டகசாலை வைத்திருந்தனர். ஒல்லாந்தர் 1637-இல் வந்தனர். ஆங்கிலேயர் 1672-இல் வந்தனர். இயேசு சபைக் குரு அலெக்சாந்தர் தெ ரோட் 1627-இல் வடநாட்டுக்கு வந்து தலைநகரில் பணியாற்றினார், 1630-இல் வெளியேற்றப்பட்டார். 1651-இல் ரோமாபுரியில் அவர் அச்சிட்ட வியட்நாம்-போர்த்துக்கீசிய-இலத்தீன் அகராதியும் மறைக்கல்வி நூலும், இலத்தீன் எழுத்தில் வியட்நாமிய மொழியை எழுதும் குவோக் ஙு முறையை நிலைநாட்டின. இம்முறை அவர் ஒருவரால் ஆனதன்று. பிரான்சிஸ்கோ தெ பினா முதலிய போர்த்துக்கீசியக் குருமாரும் பெயர் அறியப்படாத வியட்நாமிய உபதேசிமாரும் அதற்கு அடித்தளமிட்டனர். இரு நூற்றாண்டுகள் திருச்சபைக்குள்ளேயே வழங்கிய இவ்வெழுத்தை, 1907-இல் ஹனாயில் தோன்றிய டோங் கின் ஙியா தூக் என்னும் பள்ளி நாட்டு விடுதலை எழுச்சிக்குக் கருவியாக எடுத்துக்கொண்டது. சீர்திருத்தச் சபையார் 1911-இல் நடுநாட்டில் பணி தொடங்கி, 1920-களின் நடுவில் முழு வேதாகமத்தையும் இவ்வெழுத்திலேயே வெளியிட்டனர்.

ஆற்றின் வண்டல் புதிய நிலத்தையும் ஆக்கியது. 1828, 1829 ஆகிய ஆண்டுகளில் ஙுயென் கோங் ட்ரூ என்னும் அதிகாரி, கடலோரச் சேற்று நிலங்களில் கரையெழுப்பி, வாய்க்கால் வெட்டி, ஏழை மக்களைக் குடியேற்றினார். இவ்வாறு தோன்றிய கிம் சோன் பகுதியில்தான், குரு ட்ரான் லுக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபாட் தியெம் ஆலயத்தைக் கல்லாலும் மரத்தாலும் எழுப்பினார். கோயிற்கூரைகள் போல வளைந்த கூரைகளுடன் நாட்டு மரபில் கட்டப்பட்ட இவ்வாலயம், ஆறு தந்த சேற்றின்மேல் நிற்கின்றது. 1954-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைக்குப் பின் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்தனர். அவருள் பெரும்பாலோர் இவ்வடிநிலத்துக் கத்தோலிக்கர். பல ஊர்களில் ஆலயங்கள் நின்றன, சபையார் இல்லை.

5. பீரங்கிப் படகுகள்

அப்பெயர்ச்சியின் வேர்கள் முந்திய நூற்றாண்டில் உள்ளன. 1866 முதல் 1868 வரை மேகாங் ஆற்றை ஆராய்ந்த பிரெஞ்சுக் குழு, அது சீனத்துக்குச் செல்லும் கப்பல்வழியாகாது என்று கண்டது. கவனம் செந்நதியின் பக்கம் திரும்பியது. ஜான் துப்புயி என்னும் வணிகர் இவ்வாற்றின் வழியே யுன்னானுக்குப் படைக்கலங்களைக் கொண்டுசென்றார். அவரால் எழுந்த தகராற்றைத் தீர்க்க அனுப்பப்பட்ட பிரான்சிஸ் கார்னியே, 1873 நவம்பர் 20-இல் ஹனாய்க் கோட்டையையே கைப்பற்றினார். டிசம்பர் 21-இல் கருங்கொடிப் படையினரால் கொல்லப்பட்டார். 1882-இல் ஆன்ரி ரிவியேர் அதே கோட்டையை மீண்டும் பிடித்து, அடுத்த ஆண்டு ஏறத்தாழ அதே இடத்தில் உயிரிழந்தார். 1883, 1884 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வடநாடு பிரெஞ்சுப் பாதுகாப்புக்குட்பட்டது.

ஹனாயிலிருந்த பிரெஞ்சு ஆயர் புய்ஜினியே கார்னியேக்குத் துணைநின்றார். பிரெஞ்சுப் படை விலகியவுடன் அதன் விளைவை ஏழைக் கிறிஸ்தவர்களே ஏற்றனர்; அவர்களுடைய ஊர்கள் பல எரிக்கப்பட்டன. பீரங்கிப் படகின் நிழலை நாடிய சபைத்தலைமை, தன் மக்களைக் கரைக்கு வெளியே நிறுத்திவிட்டது.

ஆயினும் எந்த வாணிகத்துக்காக நாடு பிடிக்கப்பட்டதோ, அவ்வாணிகத்துக்கு ஆறு பயன்படவில்லை. மேற்பகுதியின் பாறைகளும் வேகமும் பெருங்கலங்களைத் தடுத்தன. 1910-இல் முடிவுற்ற யுன்னான் இருப்புப்பாதையே அப்பணியைச் செய்தது. ஆற்றின் குறுக்கே 1902-இல் திறக்கப்பட்ட தூமேர் பாலம், பின்னர் லாங் பியென் என்று பெயர் மாறி, இன்றும் நிற்கின்றது.

6. பஞ்சம்

1936-இல் பிரெஞ்சுப் புவியியலறிஞர் பியேர் குரூ, இவ்வடிநிலத்து உழவரைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். சதுர கி.மீ. ஒன்றுக்குச் சராசரி 400 பேருக்கு மேல் வாழ்ந்த இந்நிலத்தில், ஒரு விளைச்சல் பொய்த்தாலும் உயிர்வாழ்தல் அரிது என்பதை அவர் ஆய்வு தெளிவாக்கியது. 1915-இலும் 1926-இலும் கரைகள் உடைந்திருந்தன. எனினும் 1944-45-இல் நேர்ந்த பெரும்பஞ்சத்தை வெள்ளத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. புயலும் வெள்ளமும் விளைச்சலைக் குறைத்தன. அதே வேளையில் ஜப்பானியப் படையும் பிரெஞ்சு நிர்வாகமும் நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்தன. நெல் விளைந்த நிலத்தில் சணல் பயிரிடச் செய்தன. நேச நாடுகளின் குண்டுவீச்சால் தெற்கிலிருந்து அரிசி வரும் வழிகள் தடைபட்டன. இறந்தோர் 4 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. அவ்வாண்டு ஆகஸ்டில் கரைகள் பல இடங்களில் உடைந்தன. புதிதாக அமைந்த ஹோ சி மின் அரசின் முதற்பணிகளுள் ஒன்று கரைகளைச் செப்பனிடுதலாகும்.

7. போரும் கரைகளும்

இவ்வாற்றின் வரலாற்றில் நம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்வது அமெரிக்கப் போர்க்காலம். ஆறு வயல்களைவிட உயர்ந்து ஓடுகின்றது என்னும் உண்மை ஊரார் அறிந்தது போலவே வாஷிங்டனிலும் அறியப்பட்டிருந்தது. 1966 ஜனவரியில், பாதுகாப்புத் துறையின் உயர் அலுவலர் ஜான் மெக்நாட்டன் ஒரு குறிப்பு வரைந்தார். மதகுகளையும் அணைகளையும் தகர்த்தால் மக்கள் உடனே மூழ்கிச் சாகமாட்டார்கள். நெல்வயல்கள் நீரில் ஆழ்ந்து, காலப்போக்கில் பரவலான பட்டினி உண்டாகும். உணவு தருவதைப் பேச்சுவார்த்தையில் ஒரு பேரமாக வைக்கலாம் என்பது அதன் கருத்து. 1971-இல் வெளியான பென்டகன் ஆவணங்களால் இது உலகுக்குத் தெரிந்தது.

1971 ஆகஸ்டில் அந்நூற்றாண்டின் மிகப் பெரிய வெள்ளம் செந்நதியில் வந்தது, கரைகள் உடைந்தன, உயிரிழப்பு மிகுந்தது. போர்ச் செய்திகளின் இரைச்சலில் உலகம் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு, கரைகள் முழுவதும் சீராகாத நிலையில், குண்டுவீச்சு மீண்டும் தீவிரமாயிற்று. கரைகளில் குண்டுகள் விழுந்ததாக வியட்நாம் குற்றஞ்சாட்டியது. ஜூலையில் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலர் கர்ட் வால்ட்ஹைம் இதுபற்றித் தம் கவலையை வெளியிட்டார். கரைகள் தங்கள் இலக்கல்ல என்றும், நேர்ந்த சேதம் சிறிதும் தற்செயலானதும் என்றும் அமெரிக்க அரசு மறுத்தது.

அக்கோடையில் அங்குச் சென்று ஆராய்ந்த பிரெஞ்சுப் புவியியலறிஞர் ஈவ் லகோஸ்த், குண்டு விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார். அவை பெரிதும் வடிநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஊர்கள் ஆற்றினும் தாழ்வாகக் கிடக்குமிடத்தில் அமைந்திருந்தன என்று அவர் காட்டினார். இவ்வனுபவத்தினின்று, புவியியல் என்னும் அறிவு முதன்மையாகப் போருக்கே பயன்படுகின்றது என்னும் கடுமையான முடிவுக்கு வந்து, 1976-இல் அதையே ஒரு நூலாக வெளியிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் வெளியான ஒலிப்பதிவுகளினின்று, 1972 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் நிக்சன் கரைகளைத் தகர்ப்பது பற்றித் தம் ஆலோசகர் கிசிஞ்சரிடம் பேசியதும், சுமார் 2 இலட்சம் பேர் மூழ்கக்கூடும் என்று கிசிஞ்சர் விடையளித்ததும் தெரியவந்தன. அவ்வாண்டு பெருவெள்ளம் வரவில்லை. ஆண்களும் பெண்களுமாகத் திரண்டு, குண்டுக்குழிகளை மண்ணிட்டு அடைத்தவர்கள் அம்மக்களே.

1977 ஜூன் 8-இல் ஏற்கப்பட்ட ஜெனீவா ஒப்பந்தங்களின் முதற் கூடுதல் நெறிமுறை, பட்டினியைப் போர்முறையாகக் கொள்ளுதலைத் தடை செய்தது. பொதுமக்களுக்குப் பேரிழப்பு உண்டாகுமிடத்து அணைகளையும் கரைகளையும் தாக்குதல் கூடாதென்றும் விதித்தது. இவ்விதிகளுக்குப் பின்னால் செந்நதிக் கரைகளின் நினைவும் நிற்கின்றது. அமெரிக்கா அந்நெறிமுறையில் கையொப்பமிட்டது, ஆனால் உறுதிசெய்யவில்லை.

8. அணைகளும் புதிய வினாக்களும்

1971-இன் பாடம் வெள்ளத்தை மலையிலேயே தேக்குதல் வேண்டும் என்பதாயிற்று. சோவியத் உதவியுடன் டா ஆற்றில் ஹோவா பின் அணை 1979-இல் தொடங்கி 1994-இல் முடிவுற்றது. 1920 மெகாவாட் மின்னாற்றலும் அதனால் கிடைத்தது. அதற்கு மேலே 2400 மெகாவாட் திறனுள்ள சோன் லா அணை 2012-இல் நிறைவெய்தியது. ஹனாயைப் பெருவெள்ளத்தினின்று காப்பதில் இவ்வணைகளின் பங்கு பெரிது.

ஆனால் கரையின் விலையை வடிநிலத்து உழவன் கொடுத்தது போல, அணையின் விலையை மலைமக்கள் கொடுத்தனர். சோன் லா அணைக்காக மட்டும் 90,000-க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அவருள் பெரும்பாலோர் தாய் இனத்தவர். ஆற்றோரத்து நன்செய்யை விட்டு மேட்டுநிலம் சென்றவர்களுக்கு முன்னைய விளைச்சல் கிட்டவில்லை. கீழே, வண்டல் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. மணல் அள்ளுதலும் சேர்ந்து ஆற்றின் அடி தாழ்ந்தது. வறட்சிக் காலத்தில் பாசன மதகுகளுக்கு நீர் எட்டுவது அரிதாயிற்று. பல நூற்றாண்டுகளாக உயர்ந்த ஆறு இப்போது தாழ்கின்றது. கடலோரம் சில இடங்களில் அரிக்கப்படுகின்றது.

2024 செப்டம்பரில் யாகி புயல் வந்தது. லாவோ காய் மலையில் லாங் நூ என்னும் சிற்றூர் மண்சரிவில் புதைந்தது. ஃபூ தோ மாகாணத்தில் ஃபோங் சாவ் பாலம் செந்நதியில் வீழ்ந்தது. ஹனாயில் ஆறு இருபது ஆண்டுகளில் காணாத உயரத்தை எட்டியது. நாட்டில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தலைநகரின் பெருங்கரை நின்றது. ஆனால் அக்கரைக்கு வெளியே, ஆற்றுப் படுகையிலும் நடுத்திட்டிலும், வேறிடமின்றிக் குடியிருந்த மக்களின் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர்.

9. முடிவுரை

செந்நதியின் வரலாற்றை மனிதன் இயற்கையை வென்ற கதையாகக் கூறுதல் எளிது. ஆனால் சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. ஒவ்வொரு காப்பும் ஆபத்தை ஒழிக்கவில்லை. அதை இடம் மாற்றியது. கரை அதனை வருந்தலைமுறைக்குத் தள்ளியது. அணை மலைமக்கள்மேல் தள்ளியது. நகரம் படுகையில் வாழும் ஏழைமேல் தள்ளியது. போர் வந்தபோது, காப்பதற்குப் பெற்ற அறிவே அழிப்பதற்கும் வழிகாட்டியது.

இதனால் கரை கட்டியது தவறென்று முடிவு செய்யலாகாது. கரையின்றி அந்நிலத்தில் அத்துணை மக்கள் வாழ்ந்திருக்க இயலாது. 1248-ஆம் ஆண்டு ஆணை ஒன்றை நமக்கு நினைவூட்டுகின்றது. கரை எழும்போதே, அதனால் இழப்பவன் யார் என்று கேட்டு, அவன் நிலத்தை அளந்து, ஈடு தந்தனர். அந்த அளவுகோல் பிற்காலத்தில் பலமுறை கைவிடப்பட்டது. ஹனாய் என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம், ஆற்றுக்கு உட்புறத்தோடு வெளிப்புறத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.